மலை வீட்டுக்கு இஞ்சினியர்டு ஓக் தரை: நீலகிரியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குன்னூர், ஊட்டி, கோத்தகிரி பக்கம் வீடு புதுப்பிக்கும் வேலைகளை மேற்பார்வை பார்க்கிறவன் நான். மரத்தரை என்று பேச்சு எடுத்தாலே வீட்டுக்காரர்கள் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான். கோவையிலோ சென்னையிலோ கடைக்காரர் சொல்லும் பதில் அந்த ஊருக்குச் சரியாக இருக்கும். ஜூலை மாதம் மேகம் ஜன்னல் வழியாக உள்ளே வரும் வீட்டுக்கு அது போதாது. அதனால் கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை வைத்து, மலைக்குப் பொருந்தும் பதில்களை எழுதியிருக்கிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்தப் பலகை வாங்கலாம் என்று யோசிப்பதற்கு முன்னால், அது உட்காரப்போகும் தரையின் ஈரத்தைப் பாருங்கள். பாதிச் சந்தேகம் அங்கேயே தீர்ந்துவிடும்.

இஞ்சினியர்டு ஓக்னா நிஜ மரமா, இல்ல மரம் மாதிரி ஏதோ ஒண்ணா?

நிஜ மரம்தான். கண்ணுக்குத் தெரிவதும் கால் படுவதும் ஓக் மரத்தில் எடுத்த தகடு. நல்ல பலகையில் அது 2 முதல் 6 மி.மீ. கனம் இருக்கும். அதற்கு அடியில் பிளைவுட்டோ, குறுக்காக அடுக்கிய வேறு மரத் துண்டுகளோ இருக்கும். மொத்தக் கனம் பெரும்பாலும் 14 அல்லது 15 மி.மீ., கனத்த வகை 20 அல்லது 21 மி.மீ.

ஏன் இப்படி அடுக்குகிறார்கள்? மரம் ரேகை ஓடும் நீளவாக்கில் அநேகமாக அசையாது. குறுக்குவாக்கில்தான் ஈரத்துக்கு விரியும், வறட்சிக்குச் சுருங்கும். ஓர் அடுக்கு விரியப் பார்க்கும்போது அதற்குக் குறுக்கே ஒட்டியிருக்கும் அடுக்கு பிடித்து நிறுத்துகிறது. மலைக்கு இந்தக் குணம்தான் முக்கியம்.

கடையில லேமினேட்டும் இதுவும் பக்கத்துல பக்கத்துல இருக்கு. பார்த்தா ஒரே மாதிரிதான் தெரியுது. எப்படிக் கண்டுபிடிக்கிறது?

ஓரத்தைப் பாருங்கள். வெட்டிய துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி, வெட்டுவாயை வெளிச்சத்தில் பிடியுங்கள். நிஜ ஓக் என்றால் மேலே தெரியும் ரேகை பக்கவாட்டிலும் இறங்கி ஓடும். நுண்ணிய துளைகள் விரல் நகத்தில் தட்டுப்படும். லேமினேட் என்பது அழுத்திய மரத்தூள் பலகையின் மேல் மரத்தின் படத்தை அச்சடித்த தாள், அதற்கு மேல் ஒரு பூச்சு. வெட்டுவாயில் பழுப்பு நிறத் தூள் பலகையும், மேலே கோடு மாதிரி மெல்லிய தாளும்தான் தெரியும்.

எஸ்பிசி என்று விற்பது கல்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்தது, அதில் மரமே இல்லை. தண்ணீருக்குப் பயமில்லாத தரை வேண்டும் என்பவர்களுக்கு அது நல்ல பொருள்தான். ஆனால் அதைத் தேய்த்துப் புதுப்பிக்க முடியாது.

முழு ஓக் பலகையே போட்டா இன்னும் நல்லா இருக்காதா?

இந்த மலையில் வேண்டாம் என்பேன். 180 மி.மீ. அகலமுள்ள முழு ஓக் பலகை ஒன்று. அதன் உள் ஈரம் 8 சதவீதத்திலிருந்து 14 சதவீதத்துக்கு ஏறினால், குறுக்கே கிட்டத்தட்ட 4 மி.மீ. விரியும். ஓர் அறையில் இருபது பலகை வரிசையாக இருந்தால் 8 செ.மீ. ஆகிறது. அந்த விரிவுக்குப் போக இடமில்லாவிட்டால் தரை நடுவில் கூடாரம் மாதிரி எழும்பிவிடும். இஞ்சினியர்டு பலகையும் அசையும், ஆனால் இதில் சிறு பங்குதான்.

எங்க டீத் தோட்டத்துலயே சில்வர் ஓக் நிக்குது. அதை அறுத்துப் போட்டா காசு மிச்சம்தானே, சார்?

தேயிலைக்கு நிழலுக்காக நட்ட அந்த சில்வர் ஓக் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. தரைக்குப் போடும் ஓக்குக்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை, குடும்பமே வேறு. மரம் மென்மையானது. பெட்டி செய்யவும் பிளைவுட்டுக்கும் சரி, நாற்காலி இழுபடும் தரைக்குச் சரிவராது. அழுத்தினால் பள்ளம் விழும்.

வெட்டுவதற்கும் சட்டம் இருக்கிறது. 1955ஆம் ஆண்டின் தமிழ்நாடு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, சொந்தத் தோட்டத்து மரமானாலும் அனுமதி வாங்கித்தான் வெட்ட வேண்டும். வெட்டிய மரத்தை முறையாகக் காயவைக்காமல் அறுத்துப் போட்டால் ஒரே பனிக்காலத்தில் முறுக்கிக்கொள்ளும். இங்கே மரம் உலர்த்தும் சூளை வசதி எளிதில் கிடைப்பதில்லை.

ஊட்டி ஈரத்துக்கு மரத்தரை எப்படித் தாங்கும்? அழுகிப் போயிடாதா?

வீட்டுக்குள் காற்றில் இருக்கும் ஈரத்தால் மட்டும் பலகை அழுகாது. மரத்தை அதிகம் படுத்துவது ஈரத்தின் ஏற்ற இறக்கம். மழைக்காலத்தில் பல நாள் தொடர்ந்து காற்றின் ஈரப்பதம் 80, 90 சதவீதத்தில் நிற்கும். 80 சதவீதக் காற்றில் வெகுநாள் இருக்கும் மரத்தின் உள் ஈரம் 16 சதவீதத்தை நோக்கி ஏறும். அதே மரம் 40 சதவீதக் காற்றில் 8 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடும்.

அந்த 40 எங்கே வருகிறது என்று கேட்கலாம். ஜனவரியில் வருகிறது. உறைபனிக் காலத்து இரவில் வெளிக்காற்று 5 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம் என்று வையுங்கள். அந்தக் காற்று உள்ளே வந்து ஹீட்டராலோ ஃபயர்பிளேஸாலோ 20 டிகிரிக்குச் சூடானால், அதே காற்றின் ஈரப்பதம் 26 சதவீதம் அளவுக்கு இறங்குகிறது. உதடு வெடிப்பதும் பழைய அலமாரிக் கதவு திடீரென்று லேசாகத் திறப்பதும் அதனால்தான். ஜூலையில் விரிந்த தரை ஜனவரியில் சுருங்கப் பார்க்கும். இந்த இரண்டுக்கும் நடுவே தாக்குப்பிடிக்கும்படி போட்டால் மரத்தரை இங்கே நன்றாகவே நிலைக்கும்.

எல்லா ஊரும் ஒன்றில்லை என்பதையும் கவனியுங்கள். கூடலூர், அவலாஞ்சி பக்கம் தென்மேற்குப் பருவமழைதான் பலம். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியது. குன்னூர், கோத்தகிரிக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வரும் வடகிழக்கு மழை கனம். ஊட்டிக்கு இரண்டும் உண்டு. உங்கள் வீட்டின் நனைந்த மாதம் எது என்று தெரிந்துகொள்ள, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஈரப்பதமானி ஒன்றை வாங்கி ஹாலில் மாட்டிவையுங்கள். தரை வாங்குவதற்கு ஒரு வருடம் முன்பே மாட்டினால் ரொம்ப நல்லது.

தரை காய்ஞ்சிருக்குன்னு மேஸ்திரி சொல்றார். அதை நம்பிப் போடலாமா?

கையால் தொட்டுப் பார்த்துச் சொல்வதை நம்பிப் போட வேண்டாம். மேல்பரப்பு உலர்ந்திருக்கும், இரண்டு அங்குலம் கீழே ஈரம் நிற்கும். புது சிமென்ட் பூச்சு நல்ல வெயிலும் காற்றும் இருந்தால் நாளுக்கு 1 மி.மீ. வீதம் காயும் என்பது பொதுக் கணக்கு. 50 மி.மீ. பூச்சுக்கு 50 நாள். அதற்கு மேல் கனமானால் வேகம் இன்னும் குறையும். ஆகஸ்டில் பூசினால் இந்தக் கணக்கே செல்லாது, ஏனென்றால் காற்றுக்கே ஈரத்தை வாங்க இடம் இருக்காது.

நீங்களே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. ஒரு மீட்டர் சதுரத்துக்குக் கனமான பாலிதீன் தாளைத் தரையில் விரித்து, நாலு ஓரமும் காற்று புகாமல் டேப் ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்து ஒரு மூலையை மெதுவாகத் தூக்குங்கள். தாளின் அடிப்பக்கம் வியர்த்திருந்தாலோ, அந்த இடத்தில் சிமென்ட் சுற்றுப்புறத்தைவிடக் கறுத்திருந்தாலோ, தரையில் ஈரம் இருக்கிறது. ஒரே இடத்தில் செய்து நிறுத்தாதீர்கள். அறையின் நடு, வெளிச்சுவர் ஓரம், பாத்ரூமை ஒட்டிய மூலை என்று பாருங்கள். முக்கியமாக, மலையை வெட்டிச் சமன் செய்த மனையில் பின்சுவர் மண்ணோடு ஒட்டி நிற்குமே, அந்தச் சுவரடியில் அவசியம் செய்யுங்கள்.

இந்தச் சோதனையில் ஈரம் தெரிந்தால் போடக்கூடாது என்பது உறுதி. தெரியாவிட்டால் மட்டும் போதுமா என்றால், அதுவும் போதாது. பலகை போடுகிறவரை அளவு எடுக்கச் சொல்லுங்கள். தரையின் மேல் மூடி வைத்து அளக்கும் ஈரப்பதமானியில் 75 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். பூச்சிலிருந்து துண்டு எடுத்து கார்பைடு போட்டுப் பார்க்கும் முறையானால் 2 சதவீதத்துக்குக் கீழே. அளவு எடுக்கத் தெரியாது என்பவரிடம் விலையுயர்ந்த பலகையைக் கொடுக்காதீர்கள்.

பின்சுவர்ல ஓதம் ஏறுது. கீழே பிளாஸ்டிக் ஷீட் விரிச்சுட்டு மேலே பலகை போட்டா போதாதா?

போதாது. ஷீட் கீழிருந்து வரும் ஈரத்தைத் தடுக்கும். சுவர் வழியாக வரும் ஈரம் ஷீட்டுக்கு மேலே, பலகையின் ஓரத்தில்தான் வந்து நிற்கும். முதலில் சுவருக்கு வெளியே மண்ணைத் தோண்டி, ஜல்லியும் துளைக்குழாயும் போட்டு மழைத் தண்ணீரை வேறு பக்கம் திருப்ப வேண்டும். கூரைத் தண்ணீர் சுவரடியில் விழாமல் பார்க்க வேண்டும். அப்புறம் ஒரு மழைக்காலம் முழுக்கப் பொறுத்திருந்து பாருங்கள். சுவர் காய்ந்தே இருந்தால் தரைக்கு வரலாம். அவ்வளவு காலம் காத்திருக்க மனம் வராது என்று தெரியும், ஆனாலும் இதில் குறுக்குவழி இல்லை.

பழைய ரெட் ஆக்சைடு தரை கெட்டியாத்தான் இருக்கு. அதை உடைக்காம மேலேயே போடலாமா? டைல்ஸ் மேல?

இரண்டின் மேலும் போடலாம். உடைக்காமல் இருப்பதே நல்லது, தூசியும் புது ஈரமும் மிச்சம். ஆனால் மேலே சொன்ன ஈரச் சோதனை இங்கேயும் உண்டு. பழைய தரைகள் பலவற்றுக்கு அடியில் ஈரத்தடுப்பு எதுவும் கிடையாது. இத்தனை வருடம் அந்த ஈரம் மேலே வந்து காற்றில் போய்க்கொண்டிருந்தது, பலகை போட்டால் அடைபடும்.

அடுத்தது மட்டம். மேஸ்திரிகள் பூச்சு பார்க்கும் அலுமினியப் பட்டையை எல்லாப் பக்கமும் வைத்துப் பாருங்கள். 2 மீட்டர் நீளத்தில் 3 மி.மீ.க்கு மேல் இடைவெளி தெரிந்தால் நிரப்ப வேண்டும். கதவையும் மறந்துவிடாதீர்கள். 15 மி.மீ. பலகை, கீழே 2 அல்லது 3 மி.மீ. ஃபோம் சேர்ந்தால் கதவின் அடியை வெட்ட வேண்டியிருக்கும்.

எங்களுது வெள்ளைக்காரன் காலத்து பங்களா. தேக்குத் தரை இருக்கு, ஆனா அங்கங்கே ஆட்டம் காணுது. எடுத்துட்டு ஓக் போட்டுடலாமா?

தயவுசெய்து எடுக்காதீர்கள். ஆட்டம் பெரும்பாலும் பலகையில் இருக்காது, அடியில் உள்ள உத்தரத்தின் நுனியில் இருக்கும். சுவருக்குள் செருகியிருக்கும் நுனி ஈரத்தில் உளுத்திருக்கும். அந்த நுனிகளை மாற்றி, பழைய பலகையைத் தேய்த்து எண்ணெய் போட்டால் புது ஓக்கைவிட அழகாக வரும்.

இப்படிப்பட்ட வீடுகளில் வெளிச்சுவரின் அடியில் சிறு சிறு காற்றுத் துவாரங்கள் இருக்கும். எலி வருகிறது, குளிர் வருகிறது என்று அதைச் சிமென்ட் வைத்து அடைத்துவிடுகிறார்கள். அடைத்ததும் தரையடிக் காற்றோட்டம் நின்று உத்தரம் உளுக்கத் தொடங்கும். எலிக்குக் கம்பி வலை அடியுங்கள், துவாரத்தை மூடாதீர்கள்.

மேலே இருக்கிற ஓக் தகடு எத்தனை மில்லி இருந்தா நல்லது?

குடியிருக்கும் வீட்டுக்கு 3 அல்லது 4 மி.மீ. வாங்குங்கள். மெஷின் வைத்து ஒரு முறை தேய்த்தால் அரை மில்லியிலிருந்து ஒரு மில்லி வரை போகும். 4 மி.மீ. இருந்தால் பல ஆண்டு இடைவெளியில் இரண்டு மூன்று முறை புதுப்பிக்கலாம். ஒரு மில்லிக்கும் குறைவான தகட்டில் ஆழமாகக் கீறல் விழுந்தால் அவ்வளவுதான்.

6 மி.மீ. இன்னும் மேல் என்று நினைக்க வேண்டாம். மேல் தகடு கனமாக ஆக, அது முழு மரத்தைப் போலவே நடக்கத் தொடங்கும். கீழ் அடுக்கால் அதைப் பிடித்து வைப்பது கடினம். நம் ஈரத்துக்கு நான் 4-ஐத் தாண்டச் சொல்வதில்லை.

உள்ளே என்ன பிளைவுட்னு கேக்கணுமா? கடைக்காரர் அதைப் பத்தி ஒண்ணுமே சொல்லலையே.

கட்டாயம் கேளுங்கள். அடுக்கு எண்ணிக்கை கூடினால் நல்லது, ஆனால் அதைவிடப் பசை முக்கியம். கொதிநீர்ச் சோதனையைத் தாங்கும் பசையால் ஒட்டிய பிளைவுட்டா என்று கேளுங்கள். இந்தியத் தரம் 710-இன் கீழ் வரும் மரைன் பிளைவுட்டை 72 மணி நேரம் கொதிநீரில் போட்டுப் பார்க்கிறார்கள். இறக்குமதிப் பலகையில் இந்த முத்திரை இருக்காது என்றாலும், எந்த வகைப் பசை என்று தகவல் தாளில் போட்டிருப்பார்கள்.

கதவு ஜன்னலை மூடியே வைக்கும் குளிர் வீடு என்பதால், பசையிலிருந்து வெளியேறும் ஃபார்மால்டிஹைடு வாயுவின் அளவையும் பாருங்கள். ஈ1 அல்லது அதைவிடக் கண்டிப்பான தரம் என்று எழுதியிருக்க வேண்டும். கண் எரியும் அளவுக்கு வாசனை அடிக்கும் பெட்டியைத் திருப்பி அனுப்புங்கள்.

அகலப் பலகைதான் அழகா இருக்கு. 240 மில்லி போடலாமா?

அழகுதான். ஆனால் அகலம் கூடக்கூட ஒவ்வொரு பலகையும் அசையும் அளவும் கூடும், ஓரம் தூக்குவதும் பளிச்சென்று தெரியும். இங்கே 150 முதல் 190 மி.மீ. வரை போதும். அகலம்தான் வேண்டும் என்றால், தரையோடு முழுக்கப் பசை போட்டு ஒட்டினால் மட்டுமே சம்மதிப்பேன்.

கணு உள்ள பலகை மட்டமான சரக்கா?

இல்லை. கணு இல்லாதது, கொஞ்சம் உள்ளது, நிறைய உள்ளது என்று தோற்றத்தை வைத்துத்தான் ரகம் பிரிக்கிறார்கள், உறுதியை வைத்தல்ல. பார்க்க வேண்டியது வெளிறு. வைரம் பாய்ந்த பகுதியை விட்டு வெளிறிய ஓரம் அதிகமாக இருந்தால் பூச்சி துளைக்க வாய்ப்பு உண்டு.

மிதக்க விடறதா, பசை போட்டு ஒட்டறதா? ரெண்டு பேர் ரெண்டு விதமா சொல்றாங்க.

மிதக்க விடுவது என்றால் ஃபோம் விரித்து, பலகைகளை ஒன்றோடொன்று பூட்டிவிட்டு, தரையோடு ஒட்டாமல் விடுவது. வேலை சீக்கிரம் முடியும், பின்னால் கழற்றலாம். ஒட்டுவது என்றால் பலகை முழுக்கத் தரையைப் பிடித்திருக்கும். நடக்கும்போது ஓசை குறைவு, அசைவும் குறைவு.

மாடி அறைக்கும், ஈரம் நன்றாகக் காய்ந்த சிறிய அறைக்கும் மிதக்க விடலாம். நீளமான ஹாலுக்கு ஒட்டுவதையே சொல்வேன். தரையில் ஈரத்தடுப்பு எபாக்சி பூசி, அதன் மேல் பாலியூரித்தேன் போன்ற தண்ணீர் கலக்காத பசை போட வேண்டும். சாதாரண வெள்ளைப் பசையில் தண்ணீர் இருக்கிறது, அது பலகையையே ஊற வைக்கும். ஆசாரியிடம் இதை முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

எந்த மாசத்துல போடலாம்? சீசனுக்கு முன்னாடி முடிச்சுடணும்.

பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் முடிய நல்ல காலம். உறைபனியின் கடும் வறட்சி கழிந்திருக்கும், மழை வந்திருக்காது. மரம் இரண்டு எல்லைக்கும் நடுவில் இருக்கும்போது போட்டால் இரண்டு பக்கமும் கொஞ்சம்தான் நகர வேண்டியிருக்கும். ஏப்ரல், மே சீசனில் மேட்டுப்பாளையம் சாலையில் லாரி ஏறுவதே பாடு, ஆட்களும் கிடைக்க மாட்டார்கள்.

பெட்டிகள் வந்ததும் போர்டிகோவில் அடுக்காதீர்கள். போடப்போகும் அறையிலேயே, சிமென்ட் தரையில் படாமல் ரீப்பர் கட்டைகளின் மேல் படுக்கையாக வைத்து, குறைந்தது இரண்டு மூன்று நாள் விடுங்கள். பெட்டியைப் பிரித்து வைப்பதா மூடியே வைப்பதா என்பது தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும், அவர்கள் எழுதியிருப்பதைப் பின்பற்றுங்கள். சுவர் பூச்சு, பெயின்ட் எல்லாம் முடிந்து, ஜன்னல் கண்ணாடி போட்ட பிறகுதான் பலகை வீட்டுக்குள் வர வேண்டும்.

சுவர் ஓரத்துல ஒரு விரல் இடைவெளி விட்டுட்டாங்க. வேலை சரியில்லையோ?

வேலை சரியாகத்தான் இருக்கிறது. 10 முதல் 15 மி.மீ. இடைவெளி சுற்றிலும் வேண்டும். மழைக்காலத்து விரிவு அங்கேதான் போகும். சுவரடியில் ஓடும் ஸ்கர்ட்டிங் பட்டை அதை மறைத்துவிடும். ஸ்கர்ட்டிங்கைச் சுவரில் அடிக்க வேண்டும், பலகையில் அடிக்கக் கூடாது. தூண், வாசற்படி, குழாய் இருக்கும் இடத்திலும் அதே இடைவெளி வேண்டும். யாராவது அழகுக்காகச் சிமென்ட் வைத்து அடைத்தால் அடுத்த ஜூலையில் தரை எழும்பும்.

ஃபயர்பிளேஸ் இருக்கிற அறையில போடலாமா?

போடலாம். அடுப்பு வாய்க்கு முன்னால் கல்லோ டைல்ஸோ பதித்த பகுதி இருக்க வேண்டும், பொறி பறந்து விழும் தூரம் வரை பலகை வரக்கூடாது. நெருப்பு எரியும் நாட்களில் அறையின் ஈரப்பதத்தைக் கவனியுங்கள். 40-க்குக் கீழே தொடர்ந்து இருந்தால் ஓர் அகலப் பாத்திரத்தில் தண்ணீர் வைப்பதும் உதவும்.

சமையலறை, பாத்ரூம்?

பாத்ரூமுக்கு வேண்டவே வேண்டாம். சமையலறையில் தண்ணீர் சிந்தினால் உடனே துடைக்கும் வீடு என்றால் போடலாம். பாத்திரம் கழுவும் இடத்துக்குக் கீழே மட்டும் டைல்ஸை விட்டுவிடுங்கள்.

வார்னிஷ் பூச்சா, எண்ணெய்ப் பூச்சா?

வார்னிஷ் பூசிய தரை பராமரிப்புக்கு எளிது. ஆனால் ஒரு மூலையில் தேய்ந்தாலும் முழு அறையையும் தேய்த்துத்தான் மறுபடி பூச முடியும். எண்ணெய் போட்டதற்கு அவ்வப்போது மறுபூச்சு தேவை. பதிலுக்கு, கெட்டுப்போன இடத்தை மட்டும் சரிசெய்யலாம். ஷூவில் செம்மண்ணோடு ஆட்கள் வந்துபோகும் வீட்டுக்கு எண்ணெய்ப் பூச்சுதான் என் தேர்வு.

எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். ஆளி விதை எண்ணெய் கலந்த பூச்சு காயும்போது சூடு பிறக்கும், சுருண்ட துணி தானாகவே தீப்பற்றும். விரித்துக் காயவைத்தோ, தண்ணீரில் நனைத்தோதான் அப்புறப்படுத்த வேண்டும். வேலையாட்களுக்கும் சொல்லுங்கள்.

தரையில கறுப்பா, நீலமா ஒரு கறை. சோப்புக்கும் போகலை. பூசணமா?

வடிவத்தைப் பாருங்கள். வட்டமாக, கோடாக, டிரங்குப் பெட்டியின் கால் வைத்த இடம் மாதிரி இருந்தால் பூசணம் இல்லை. ஓக்கில் டானின் என்ற பொருள் நிறைய உண்டு. இரும்பும் ஈரமும் அதோடு சேர்ந்தால் நீலம் கலந்த கறுப்பு உண்டாகும். ஈரக் குடையின் இரும்பு முனை, நனைந்த பூந்தொட்டித் தாங்கி, பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரின் துணுக்கு எல்லாமே இதைச் செய்யும்.

ஆக்சாலிக் அமிலக் கரைசலால் இந்தக் கறையை எடுக்கலாம். அது விஷம், கையுறை இல்லாமல் தொடக்கூடாது, குழந்தைகள் இருக்கும் வீட்டில் வேலை தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள். பூச்சுக்கு அடியில் இறங்கிய கறையானால் முதலில் அந்த இடத்தின் பூச்சை எடுக்க வேண்டும், அதனால்தான் எண்ணெய்ப் பூச்சு இங்கே கைகொடுக்கிறது. வராமல் தடுக்க, குடையை வாசலுக்கு வெளியே வையுங்கள், இரும்புக் கால்களுக்குக் கம்பளித் துண்டு ஒட்டுங்கள்.

தினமும் மாப் போடலாமா? பினாயில் ஊத்தலாமா?

தினமும் பெருக்கினால் போதும், மணல்தான் பூச்சைக் கீறும். நன்றாகப் பிழிந்த துணியால் வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை துடையுங்கள், தண்ணீர்க் கோடு நிமிடத்துக்குள் மறைய வேண்டும். பினாயில், சோடா, நீராவி மாப் மூன்றும் வேண்டாம். ரப்பர் அடிப்பாகம் உள்ள கால்மிதி விரிப்பும் வேண்டாம், அதன் அடியில் ஈரம் அடைபட்டு நிறம் மாறும்.

கோத்தகிரியில காட்டேஜ். வருஷத்துல பாதி நாள் பூட்டித்தான் கிடக்கும். அங்கே போடலாமா?

யோசித்துச் செய்ய வேண்டிய இடம் இது. ஆள் இருக்கும் வீட்டில் ஜன்னல் திறக்கும், அடுப்பு எரியும், ஈரம் வெளியேறும். பூட்டிய வீட்டில் மழைக்கால ஈரம் அப்படியே நிற்கும். நல்ல வெயில் நாளில் வந்து திறந்துவிட்டுப் போக ஒரு காவலாளி இருந்தால் போடலாம். யாரும் இல்லையென்றால் ரெட் ஆக்சைடே உங்களுக்கு மேல்.

காற்றின் ஈரத்தை இழுக்கும் டிஹியூமிடிஃபையர் வாங்குவதாக இருந்தால் வகையைப் பாருங்கள். கம்ப்ரசர் வைத்தது 15 டிகிரிக்குக் கீழே திணறும். ஈரம் உறிஞ்சும் பொருளை வைத்து இயங்கும் வகைதான் மலைக் குளிரில் ஒழுங்காக வேலை செய்யும்.

கரையான் வந்துடுமோன்னு பயமா இருக்கு.

பயம் நியாயமானது. ஓக்கை விட்டாலும் அடியில் உள்ள பிளைவுட்டைத் தின்னும். புதுக் கட்டடத்துக்கும், ஏற்கெனவே கட்டியதற்கும் கரையான் தடுப்பு முறைகளை இந்தியத் தரம் 6313 தனித்தனியே சொல்கிறது. பலகை போடுவதற்கு முன் அதைச் செய்து முடியுங்கள்.

ஜனவரியில பலகைகளுக்கு நடுவுல மெல்லிசா இடைவெளி தெரியுது. மக்கு வச்சு அடைக்கலாமா?

அடைக்காதீர்கள். ஈரத்தின் ஏற்ற இறக்கம் பற்றி மேலே சொன்னதுதான் இங்கே நடக்கிறது. மழை வந்ததும் தானாகவே மூடிக்கொள்ளும். மக்கு வைத்தால் விரியும்போது அது பிதுங்கும், இல்லையென்றால் பலகையைத் தள்ளும். ஜூலையிலும் அந்த இடைவெளி அப்படியே இருந்தால் மட்டும் போட்டவரைக் கூப்பிடுங்கள்.

எத்தனை பெட்டி கூடுதலா வாங்கணும்?

அளந்த பரப்புக்கு மேல் 10 சதவீதம் வெட்டுக் கழிவுக்கு. அதற்கு மேல் ஒரு பெட்டியை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் வையுங்கள். நாலு வருடம் கழித்து அதே நிறம் கிடைக்காது.

மழை முடிஞ்சு பார்த்தா பலகையோட ரெண்டு ஓரமும் தூக்கி, நடுவுல குழிஞ்சிருக்கு. உடனே தேய்ச்சு மட்டம் பண்ணிடலாம்னு ஆசாரி சொல்றார். செய்யலாமா?

வேண்டாம், அவசரப்படாதீர்கள். ஓரம் தூக்கியிருந்தால் பலகையின் அடிப்பக்கம் மேல்பக்கத்தைவிட ஈரமாக இருக்கிறது என்று பொருள். எங்கே தூக்கியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். அறை முழுக்க ஒரே மாதிரி என்றால் தரையடி ஈரம். ஒரு சுவரோரம் மட்டும் என்றால் அந்தச் சுவர் அல்லது அதற்குப் பின்னால் உள்ள மண். ஒரு வட்டமாக என்றால் குழாய்க் கசிவு. மூலத்தை நிறுத்திவிட்டு, அறையைக் காற்றோட்டமாக வைத்து, பலகையின் ஈரத்தை மாதத்துக்கு ஒரு முறை அளந்து வாருங்கள். பல நேரம் பெருமளவு தானாகவே இறங்கிவிடும்.

ஈரமாக இருக்கும்போதே தேய்த்தால் தூக்கிய ஓரம்தான் சீவப்படும். பிறகு காய்ந்து பலகை நேரானதும், ஓரங்கள் தாழ்ந்து நடு மேடாக நிற்கும். அதைச் சரிசெய்ய மறுபடி தேய்க்க வேண்டும், 4 மி.மீ. தகட்டில் பாதி போய்விடும். இரண்டு மூன்று மாதம் அளவு மாறாமல் நின்ற பிறகு, அப்போதும் குழி மிச்சம் இருந்தால் மட்டும் மெஷினை உள்ளே விடுங்கள்.